இயல் 4: கையால் கட்டிய நாட்குறிப்பேடு – கட்டுமுறையும் அணிமுறையும்

4.1 நாட்குறிப்பேட்டின் இயல்பு

நாட்குறிப்பேடு என்பது ஒருவர் தம் அன்றாட வாழ்வில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் எண்ணியவற்றையும் நாள் குறித்து எழுதிவைக்கும் ஏடாகும். அவ்வேட்டுக்குரிய தாளைத் தாமே தெரிந்தெடுத்து, மடித்து, தைத்து, மட்டை கட்டி, பக்கங்களைப் படங்களாலும் ஒட்டுப்பொருள்களாலும் அணிசெய்யும்போது அது கையால் கட்டிய நாட்குறிப்பேடாகிறது. ஒஸ்லோ நகரின் வடகிழக்கில், குரோருட் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் அமைந்த ஸ்டோவ்னர் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்திற்கொண்டு இவ்வியல் எழுதப்பட்டிருப்பினும், இதில் விளக்கப்படும் கட்டுமுறை எவ்வூருக்கும் பொருந்துவதாகும்.

தமிழில் நாட்குறிப்பு எழுதும் வழக்குக்குப் பெரும் சான்று புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்த அவர், 1736 முதல் தாம் மறைந்த 1761 வரை கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநர் மாளிகையில் நடந்த உரையாடல், ஊரில் பரவிய வதந்தி ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைத்தார். வணிகக் கணக்கின் ஒழுங்கோடு எழுதப்பட்டமையால்தான் அக்குறிப்புகள் பின்னர் வரலாற்று ஆவணங்களாயின. ஒஸ்லோ நகரத்திலும் இதற்கு வேறொரு வகையான முன்மாதிரி உண்டு. 1944இல் மறைந்த ஓவியர் எட்வர்ட் முங்க், 1940இல் எழுதிய உயிலின்வழித் தம் படைப்புகளை நகருக்கே விட்டுச்சென்றார். அவரது எழுத்துகளுள் ‘நன்மை தீமை அறியும் மரம்’ என்னும் தொகுப்பில் பல நிறக் கோல்களால் எழுதப்பட்ட வாசகங்களும் படங்களும் ஒரே ஏட்டில் அருகருகே இடம்பெறுகின்றன. முன்னவர் நாளையும் செய்தியையும் பிழையின்றிக் குறிப்பதற்கு முன்மாதிரி. பின்னவர் எழுத்தையும் நிறத்தையும் ஒரே பக்கத்தில் இணைப்பதற்கு முன்மாதிரி.

இவ்விரு மரபுகளையும் இணைக்கும் ஒரு நெறியே இவ்வியலின் அடிப்படை: நாட்குறிப்பேட்டில் அணியும் ஒரு பதிவே. பக்கத்தில் ஒட்டப்படும் இலை, வரையப்படும் கோலம், தைக்கப்படும் துணி ஆகிய ஒவ்வொன்றும் எந்த நாளில், எவ்விடத்திலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்ற விவரத்தைத் தாங்கி நிற்குமானால், அழகு பெருகும்போது ஏட்டின் பொருளும் பெருகும். அவ்விவரம் இல்லாத அணி, சில ஆண்டுகளுக்குப் பின் எழுதியவருக்கே விளங்காத வெறும் நிறமாக எஞ்சிவிடும்.

4.2 தாளும் அதன் நாரோட்டமும்

தாளைத் தெரிவு செய்யும்போது கருதவேண்டியவை மூன்று: எடை, நிலைப்பு, நாரோட்டம். தாளின் எடை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூறப்படும். பேனாவால் எழுதுவதற்கு 100 முதல் 120 கிராம் வரையுள்ள தாள் போதும். பொருள்களை ஒட்டும் பக்கங்களுக்கு 160 கிராமும், நீர்வண்ணம் தீட்டும் பக்கங்களுக்கு 200 கிராமுக்குக் குறையாத தாளும் பொருந்தும். நிலைப்பு என்பது தாள் பழுப்பேறாமலும் நொறுங்காமலும் நெடுநாள் இருக்கும் தன்மை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறுவதால்தான் நாளிதழ்த் தாள் விரைவில் கெடுகிறது, ஆகவே ஐ.எஸ்.ஓ. 9706 என்னும் நிலைப்புத் தரக் குறியீடு உள்ள தாளையோ, அமிலமற்றது என்று உறையில் குறிக்கப்பட்ட தாளையோ வாங்குவது நல்லது.

நாரோட்டம் என்பது ஆலையில் தாள் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்து கிடப்பதைக் குறிக்கும். ஈரம் பட்ட தாள் நாருக்குக் குறுக்குத் திசையில்தான் மிகுதியாக விரிகிறது. எனவே நார்கள் ஏட்டின் முதுகுக்கு, அதாவது தைக்கப்படும் விளிம்புக்கு, இணையாக ஓடினால் பக்கங்கள் தட்டையாக விழும். குறுக்காக ஓடினால் அலையலையாக நெளிந்து நிற்கும். தாளை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எத்திசையில் எதிர்ப்புக் குறைவாக உள்ளதோ அவ்வளைவின் கோட்டுக்கு இணையாகவே நார் ஓடுகிறது என்று அறியலாம்.

கடைகளில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடுவதால், அதை நேராக மடித்து ஏ5 அளவு ஏடு கட்டினால் நாரோட்டம் தவறான திசையில் அமைந்துவிடும். இதற்கு எளிய தீர்வு, நீளவாட்டில் நார் ஓடும் ஏ3 தாளை வாங்கி, அதன் நீளத்தின் நடுவில் குறுக்காக வெட்டி, கிடைக்கும் இரு ஏ4 துண்டுகளை மடிப்பதாகும். அவ்வாறு மடித்தால் நார் முதுகுக்கு இணையாக வந்துவிடும். ஏ3 தாள் 10 இருந்தால் 20 ஏ4 துண்டுகளும், அவற்றை மடித்தால் 80 பக்கங்களும் கிடைக்கும். முதன்முறை ஏடு கட்டுபவருக்கு இவ்வளவே போதுமானது.

4.3 மடித்தலும் தைத்தலும்

நான்கு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடித்தால் 16 பக்கங்கள் கொண்ட ஒரு மடிப்புக்கட்டு உருவாகும். 20 துண்டுகளிலிருந்து இத்தகைய ஐந்து மடிப்புக்கட்டுகள் பெறப்படும். மடிப்பை எலும்பு மடிப்பானால், அது இல்லாதபோது கரண்டியின் வழவழப்பான பின்புறத்தால், அழுத்தித் தேய்த்துக் கூர்மையாக்க வேண்டும்.

ஒட்டுப்பொருள்கள் மிகுதியாக இடம்பெறப்போகும் ஏட்டுக்கு இக்கட்டத்திலேயே செய்யவேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. பக்கங்களில் பொருள்களை ஒட்ட ஒட்ட ஏட்டின் வாய்ப்பக்கம், அதாவது முதுகுக்கு எதிரே திறக்கும் விளிம்பு, தடித்து, முதுகு மெலிந்தே நின்று, மட்டை மூடாமல் வாய் பிளந்து நிற்கும். இதைத் தவிர்க்க, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள தாள் பட்டைகளை நடுவில் மடித்து ஒவ்வொரு மடிப்புக்கட்டுக்குள்ளும் ஒன்றிரண்டு சேர்த்துத் தைக்க வேண்டும். ஈடுபட்டை எனப்படும் இவை முதுகின் தடிமனை முன்கூட்டியே உயர்த்திவைப்பதோடு, பின்னர் ஒளிப்படத்தையோ கடிதத்தையோ ஒட்டுவதற்கு விளிம்பாகவும் பயன்படும்.

ஒரே மடிப்புக்கட்டு கொண்ட சிறு கொப்பிக்கு மூன்று துளைத் தையல் போதும். மடிப்பின் நடுவில் ஒரு துளையும், மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொரு துளையும் இட்டு, முதுகின் நீளத்தைப் போல் இரண்டரை மடங்கு நூலை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே இழுத்து, வெளிப்புறமாகச் சென்று மேல்துளையில் உள்ளே நுழைத்து, உட்புறமாக நடுவைக் கடந்து கீழ்த்துளையில் வெளியேற்றி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நூலின் இரு முனைகளையும் உள்ளே ஓடும் நீண்ட இழையின் இரு புறமும் நிறுத்தி முடிச்சிட்டால் தையல் நிறைவுறும்.

ஐந்து மடிப்புக்கட்டுகள் கொண்ட ஏட்டுக்குச் சங்கிலித் தையல் ஏற்றது. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களின் பழைய நூல்களில் காணப்படுவதால் காப்டிக் கட்டு என்றும் இது வழங்கப்படுகிறது. ஒவ்வொரு புதிய மடிப்புக்கட்டின் நூலும் அதற்கு முன் தைத்த கட்டின் இழையைச் சுற்றி வளைந்து வருவதால் முதுகில் சங்கிலி போன்ற பின்னல் உருவாகிறது. முதுகில் பசை இடப்படாமையால் இவ்வேடு எப்பக்கத்தில் திறந்தாலும் முழுத் தட்டையாகக் கிடக்கும். இரு பக்கங்களையும் கடந்து படம் வரைவோருக்கும், ஒட்டுவேலை மிகுதியாகச் செய்வோருக்கும் இதுவே வசதியான கட்டு. இதற்கு மெழுகு பூசிய லினன் நூலை, முதுகின் நீளத்தை மடிப்புக்கட்டுகளின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டிப் பெருக்கிய அளவுக்கு, எடுத்துக்கொள்ளலாம்; முதுகு 21 சென்டிமீட்டரும் மடிப்புக்கட்டுகள் ஐந்தும் ஆனால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நூல் வேண்டும்.

4.4 மட்டையும் துணியும்

மட்டைக்கு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாம்பல் நிற அட்டை பொருந்தும். ஏட்டின் மேல், கீழ், வாய்ப்பக்கம் ஆகிய மூன்று விளிம்புகளிலும் மட்டை 3 மில்லிமீட்டர் நீண்டிருந்தால்தான் தாளின் ஓரம் சிதையாது. ஆகவே 210 × 148 மில்லிமீட்டர் தாளுக்கு மட்டை 216 × 151 மில்லிமீட்டர் என வெட்டப்பட வேண்டும். மட்டையின் நாரும் முதுகுக்கு இணையாகவே ஓட வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் மட்டைக்குத் துணி தேடி அலைய வேண்டியதில்லை. கிழிந்த பருத்திச் சேலை, நைந்த வேட்டியின் கரை, பிள்ளைக்குச் சிறிதாகிப்போன பாவாடை ஆகியன அனைத்தும் மட்டைத் துணியாகத் தகும். அவற்றை உடுத்தியவர், உடுத்திய காலம் ஆகிய விவரங்களை உள்மட்டையில் எழுதிவைத்தால் மேலே கூறிய நெறிப்படி மட்டையே முதற்பதிவாகிவிடும். மெல்லிய துணியில் நேராகப் பசை தடவினால் அது ஊறி மேற்புறத்தில் கறையாகத் தெரியும். எனவே முதலில் துணியின் பின்புறத்தில் மெல்லிய தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டி உலரவைக்க வேண்டும். ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே கண்ணாடி போல் மினுங்கும் வரை காய்ச்சினால் இப்பசை கிடைக்கும். குளிர்பதனப் பெட்டியில் சில நாள்கள் கெடாமல் இருக்கும். கரையில் பட்டோ சரிகையோ உள்ள துணியாயின் பசையை மேலும் கெட்டியாகக் காய்ச்சி, குறைவாகத் தடவ வேண்டும்.

துணியை மட்டையில் ஒட்டுவதற்குப் புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் வெள்ளை நிறப் பி.வி.ஏ. பசை உறுதியானது. நான்கு புறமும் 2 சென்டிமீட்டர் துணியை விட்டு உள்ளே மடித்து ஒட்டிய பின், மட்டையின் உட்புறத்திலும் கட்டாயம் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். பசையின் ஈரம் உலரும்போது துணி சுருங்கி மட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உட்புறத் தாளும் அதற்கு எதிர்ப்புறம் இழுத்தால்தான் மட்டை வளையாமல் நிற்கும். நோர்வேயின் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறைகளின் காற்று மிகவும் வறண்டிருப்பதால் இவ்வளைவு அங்கே விரைவாகவும் கடுமையாகவும் நேரும். ஆதலால் ஒட்டிய மட்டையைச் சுவரில் பொருத்திய மின்வெப்பமூட்டிக்கு அருகில் காயவிடாமல், உறிஞ்சும் தாள்களுக்கு இடையில் கனமான நூல்களின் கீழ் ஒரு முழு நாளேனும் அழுத்திவைக்க வேண்டும்.

கருவிகளையும் பழந்துணிகளையும் ஃப்ரெடெக்ஸ் போன்ற பழம்பொருள் கடைகளில் குறைந்த விலையில் தேடலாம். தையல் இயந்திரம் தேவைப்படுவோர், ஒஸ்லோவின் பியோர்விக்காவில் 2020இல் திறக்கப்பட்ட டைக்மன் முதன்மை நூலகத்தின் பட்டறையை நாடலாம்.

4.5 நாள் குறிக்கும் முறை

ஆனந்தரங்கப் பிள்ளை தம் குறிப்புகளுக்குத் தமிழ் ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் தலைப்பாக இட்டார். இரு உலகங்களோடு நாள்தோறும் கொடுக்கல் வாங்கல் செய்தவருக்கு இரு நாள்காட்டிகளும் வேண்டியிருந்தன. ஸ்டோவ்னரில் வாழும் தமிழருக்கும் அவ்வாறே ஒன்றுக்கு மேற்பட்ட நாள்காட்டிகள் ஒருங்கே இயங்குகின்றன. நோர்வேயில் பள்ளியும் பணியிடமும் கிழமை எண்ணைக் கொண்டே பேசுகின்றன: ஒஸ்லோப் பள்ளிகளின் இலையுதிர்கால விடுமுறை 40ஆம் கிழமையிலும் குளிர்கால விடுமுறை 8ஆம் கிழமையிலும் வருகின்றன. வீட்டிலோ தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஆடிப்பிறப்பு என்று தமிழ் மாதத்தின்படி நாள்கள் நகர்கின்றன. ஆகவே பக்கத்தின் தலைப்பில் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதமும் நாளும், கிழமை எண் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் இட்டு, எழுதிய இடத்தையும் சேர்த்தல் நன்று.

பிள்ளைகள் எழுதும் ஏட்டில் மொழியைக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது பயன் தரும். ஸ்டோவ்னர் வட்டாரத்தின் ரொம்மனில் உள்ள அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் தமிழ் கற்கும் பிள்ளை, பள்ளியில் நோர்வீஜிய மொழியில் நாளெல்லாம் சிந்திக்கிறது. செய்தியை நோர்வீஜிய மொழியிலும், பாட்டி சொன்னதைப் பாட்டியின் சொல்லாலேயே தமிழிலும் எழுத விட்டால், அந்த ஏடு அப்பிள்ளையின் உண்மையான மொழி வாழ்வைக் காட்டும். அன்றாட எழுத்துக்கு ஆய்வுலகிலும் மதிப்புண்டு என்பதற்கு, ஒஸ்லோவின் நோர்வே மக்கள் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நோர்வே இனவரைவியல் ஆய்வகம் சான்றாகும். 1946இல் தொடங்கப்பட்ட அவ்வாய்வகம், பொதுமக்கள் தம் அன்றாட வாழ்வைப் பற்றி எழுதியனுப்பும் விடைகளைத் திரட்டிக் காத்து வருகிறது.

4.6 புள்ளியும் கட்டமும்: வரைந்து அணிசெய்தல்

5 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய புள்ளிகளை இட்ட தாள் நாட்குறிப்பேட்டுக்கு மிகவும் ஏற்றது. அச்சிட்ட புள்ளித்தாள் கிடைக்காவிட்டால், அளவுகோலும் கூர்மையான பென்சிலும் கொண்டு தாமே இட்டுக்கொள்ளலாம். இப்புள்ளிகள் எழுத்துக்கு வரியாகவும், படத்துக்குச் சட்டகமாகவும், கோலத்துக்கு அடிப்படையாகவும் ஒருங்கே பயன்படும்.

கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என இரு வைப்புமுறைகள் உண்டு. புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்பது நேர்ப்புள்ளி. ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசையின் புள்ளி நிற்பது இடைப்புள்ளி. ‘7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி’ என்னும் கோலத்தைப் புள்ளித்தாளில் இட, நடு வரிசையில் ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக, அதாவது 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ஏழு புள்ளிகளைத் தடித்துக் குறித்து, மேலும் கீழும் அரைப்படி நகர்த்தி ஆறு, ஐந்து, நான்கு எனக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். கோலம் 6 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

கட்டங்களைக் கொண்டு இயங்கும் நோர்வே மரபு ஒன்று இதனோடு நன்கு பொருந்துகிறது. செல்பு என்னும் ஊரின் பெயரால் செல்பு ரோஜா என வழங்கும் எட்டிதழ்ப் பூ வடிவம், 1857 அளவில் மாரித் குல்செத் எம்ஸ்தாத் என்னும் இளம்பெண் பின்னிய கையுறைகள் வழியே புகழ்பெற்றது. இன்று நோர்வேயெங்கும் கம்பளி உடைகளில் காணப்படுகிறது. பின்னல் கணக்காகப் பிறந்த வடிவமாதலால் அது கட்டத்தாளில் பிழையின்றி அமையும்: பூவின் நான்கில் ஒரு பங்கைக் கட்டம் நிரப்பி வரைந்து, அதையே இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்பிப் பதித்தால் முழுப் பூவும் கிடைக்கும். தைப்பொங்கலன்று வாசலில் பனி மூடியிருக்கும் ஊரில், அன்றைய பக்கத்தின் ஒரு பாதியில் கோலமும் மறு பாதியில் அன்று அணிந்த கையுறையின் பின்னலும் இடம்பெறுவது வெறும் ஒப்பனையாகாது. அந்நாளின் பருவத்தையும் வழக்கத்தையும் சேர்த்துக் கூறும் பதிவாகும்.

வரைபடமாக அமையும் அணிக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒளிப்பட்டை. பக்கத்தின் ஓரத்தில் 24 கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உயரம் 12 சென்டிமீட்டர் ஆகும். ஒவ்வொரு கட்டமும் ஒரு மணி நேரத்தைக் குறிக்க, சூரியன் வானில் நின்ற மணிகளுக்கு மட்டும் மஞ்சள் தீட்ட வேண்டும். ஒஸ்லோவில் டிசம்பர் மாதக் கதிர்த்திருப்ப நாளில் காலை 9 மணிக்குச் சற்றுப் பின் உதிக்கும் சூரியன் பிற்பகல் 3 மணிக்குச் சற்றுப் பின் மறைந்துவிடுகிறது. ஜூன் மாதக் கதிர்த்திருப்ப நாளிலோ அதிகாலை 4 மணிக்கு முன்பே உதித்து இரவு 10.40 கடந்தே மறைகிறது. கிழமைக்கு ஒருமுறை இப்பட்டையைத் தீட்டினால், ஆண்டின் முடிவில் ஏட்டைப் புரட்டும்போதே ஒளி ஆறு கட்டங்களிலிருந்து பத்தொன்பது கட்டங்கள் வரை வளர்ந்து தேய்ந்தது கண்ணுக்குப் புலப்படும்.

ஓரிடத்தையே திரும்பத் திரும்ப வரைவதும் பயனுள்ள பயிற்சி. 2017இல் திறக்கப்பட்ட ஸ்டோவ்னர் கோபுரம், 260 மீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து சென்று 15 மீட்டர் உயரம் வரை ஏறும் நடைபாதையாகும். அதன் ஒரே வளைவில் நின்று, நான்கு பருவங்களிலும் தெரியும் காட்சியை நான்காகப் பகுத்த பக்கத்தில் வரைந்தால், மரம், பனி, வீட்டுக் கூரை, தொலைவில் தெரியும் நகரம் ஆகியவற்றின் மாற்றம் ஒரே பார்வையில் தெரியும்.

4.7 ஒட்டி அணிசெய்தல்

நோர்வேயின் 1957ஆம் ஆண்டு வெளிவாழ்வுச் சட்டம் காடுகளில் எவரும் உலவுவதற்கு உரிமை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட தாவரங்களைத் தவிர்த்து, கீழே உதிர்ந்த இலைகளையும் மிகுதியாகப் பூத்திருக்கும் மலர்களையும் அளவாகச் சேர்க்கலாம். வசந்தத்தில் வித்வைஸ் என்னும் வெண்மலரும், இலையுதிர்காலத்தில் பேர்ச் மரத்தின் மஞ்சள் இலையும் மெல்லியவையாதலால் எளிதில் தட்டையாகும். மை உதிராத உறிஞ்சும் தாள்களுக்கு இடையில் வைத்து, முதல் சில நாள்கள் நாள்தோறும் தாளை மாற்றி, இரண்டு மூன்று கிழமைகள் அழுத்திய பின்பே ஒட்ட வேண்டும். ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். லில்லியேகொன்வல் என்னும் மணமுள்ள வெள்ளை மலர்ச்செடி முழுவதும் நச்சுத்தன்மை உடையதாதலால் பிள்ளைகளின் ஏட்டுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

கடைப் பற்றுச்சீட்டுகள் வெப்பத்தாளில் அச்சிடப்படுபவை; அவற்றின் எழுத்து ஒளியாலும் வெப்பத்தாலும் சில ஆண்டுகளில் மங்கி மறையும். ஆதலால் அவற்றை நகலெடுத்து ஒட்ட வேண்டும். அல்லது வாங்கிய பொருளையும் விலையையும் அருகில் கையால் எழுதிவைக்க வேண்டும். நாளிதழ் நறுக்குகளுக்கும் நகலே பாதுகாப்பானது. ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவின் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளையும் கறைப்படுத்துவதால் அதை அறவே விலக்க வேண்டும். ஒளிப்படங்களை மூலைப்பிடிகளில் செருகினால் பின்னர் எடுத்துப் பார்க்கவும் முடியும். கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமம், திருநீறு போன்ற பொடிகளைத் தாளில் நேராகப் பூசாமல், சிறிய தாள் உறையில் இட்டு அவ்வுறையை ஒட்ட வேண்டும். மஞ்சளால் தீட்டிய நிறம் வெளிச்சத்தில் மங்கும். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எழுதுவதற்கு நிறமி மை, அதாவது நிறத் துகள்கள் கலந்து நீரில் கரையாமல் உலரும் மை, சிறந்தது. சாயமையால் எழுதிய பக்கத்தின் மேல் நீர்வண்ணம் பட்டால் எழுத்துப் பரவிவிடும்.

4.8 பேணுதல்

நிறைவுற்ற ஏட்டை நேர்வெயில் படாத அலமாரியில், நிலவறையின் ஈரத்துக்கும் வெப்பமூட்டியின் வறட்சிக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஒட்டுப்பொருள்கள் மிகுந்த ஏட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் தாள்களின் கனம் தையலை இழுக்கும். கிடையாக வைப்பதே தகும். இறுதி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டு, ஆண்டு முடிவில் பக்க எண்களோடு ஒரு பொருளடக்கத்தை அவற்றில் எழுதலாம்: எந்த இலை எங்கே எடுக்கப்பட்டது, எந்தத் துணி யாருடையது, எந்தப் படத்தில் இருப்பவர் யார் என்ற விவரங்கள் அதில் இடம்பெற வேண்டும்.

அப்பொருளடக்கமே ஏட்டின் தகுதியை அளக்கும் சோதனையுமாகும். எழுதியவரின் துணையின்றி வேறொருவர் அதைக் கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் அணியையும் விளங்கிக்கொள்ள முடிந்தால் ஏடு தன் பணியைச் செய்துவிட்டது. விளக்கம் இல்லாத பக்கம் ஏதேனும் தென்பட்டால், நினைவு மங்குவதற்கு முன் அன்றே அப்பக்கத்தின் ஓரத்தில் நாளும் இடமும் பெயரும் எழுதப்பட வேண்டும்.